ஜெனரேட்டர் சோலைமுத்து

பூம்பாறையில் சோலைமுத்துவின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தெருமுனையில் நின்றால் போதும், அவர் பேசுவது காதில் விழும். மனைவி வடிவிடம் உப்பு கேட்பதைக்கூட ஊரைக் கூட்டித்தான் கேட்பார். கோபக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா என்று எங்கே விசேஷமோ அங்கே தன் டீசல் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்தே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அது கத்தக் கத்த இவரும் கத்திப் பழகிவிட்டார்.

அந்த ஜெனரேட்டர் மேல் அவருக்கு அப்படியொரு பாசம். மழைக்காலத்தில் அதற்குத்தான் முதலில் கம்பளி. மிச்சம் இருந்தால் அவருக்கு. இரண்டாயிரத்து எட்டில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வந்து படுத்தியபோது சோலைமுத்துவுக்கு ஓயாத சோலி. வில்பட்டி வரைக்கும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது சட்டை, தலைமுடி, தூக்குச்சட்டி எல்லாம் டீசல் மணக்கும்.

"ஒங்களைக் கட்டிக்கிட்டேனா, இல்ல பெட்ரோல் பங்கைக் கட்டிக்கிட்டேனான்னு தெரியல" என்பாள் வடிவு. புகை ஒத்துக்கொள்ளாததால் அவள் ஒரு விசேஷத்துக்கும் அவரோடு போனதில்லை.

டீசலுக்காக அடிக்கடி கொடைக்கானல் போய்வர முடியாமல், அந்த வருஷம் ஒரு பெரிய டிரம் நிறைய வாங்கி வீட்டுக்குப் பின்னால் மண்சுவர்க் கொட்டகையில் வைத்தார். கொட்டகைக்குக் கீழே சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கீழத்தெருக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற ஊற்று. அந்த இரண்டையும் சேர்த்து அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு நாள், காலையில் மகாராணி வந்து வாசலில் நின்றாள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பிறகு இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். எல்லோரும் ஊற்று என்று சொல்வதை அவள் மட்டும் பீலி என்பாள். கையிலிருந்த குடத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்கண்ணே. பீலித் தண்ணி."

சோலைமுத்து மோந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டீசல் வாடைக்கு அந்த மூக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு, தாயி?"

மகாராணி குடத்தோடு திரும்பி நடந்தாள். பின்னாலேயே இறங்கிப் போனவர், ஊற்றைப் பார்த்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மினுங்கியது. தலைப்பிரட்டைகள் கூட்டமாக வயிறு மேலாக மிதந்தன. ராத்திரி மழையில் கொட்டகைச் சுவர் சரிந்து டிரம்மைச் சாய்த்திருந்தது. மூடி கழன்று அத்தனை டீசலும் மழைத்தண்ணீரோடு இறங்கியிருந்தது.

கீழத்தெரு ஆண்டிச்சாமி குதியாய்க் குதித்தார். "ஊருக்கு வெளிச்சம் போடுறேன்னு எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேய்யா! பிள்ளைக என்னத்தைக் குடிக்கும்?"

சோலைமுத்து மெதுவாகப் பேசி அன்றுதான் ஊர் கேட்டது. "நான் கொண்டாறேன்யா. ஊத்து தெளியுறமட்டும் நானே தண்ணி கொண்டாறேன்."

சொன்னபடி செய்தார். வெள்ளனே எழுந்து மேலத்தெருத் தொட்டியில் குடம் குடமாகப் பிடித்து ஒவ்வொரு வாசலிலும் இறக்கினார். முதல் நாள் குடத்தைத் தோளில் வைத்துப் பாதித் தண்ணீரைச் சட்டைக்குள்தான் ஊற்றிக்கொண்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வடிவுதான் நடுத்தெருவில் நிறுத்தி, "இடுப்பை ஒடிச்சு வைங்க. அணைச்சுப் பிடிங்க. ஜெனரேட்டரை மட்டும் தடவத் தெரியுதுல்ல?" என்று பழக்கிவிட்டாள். பகலெல்லாம் சரிவில் டீசல் ஊறிய மண்ணைச் சுரண்டிச் சாக்கில் அள்ளி, தண்ணீர் போக்கு இல்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய்ப் போட்டார். ஆண்டிச்சாமி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் அவரும் ஒரு மண்வெட்டியோடு வந்தார். மார்கழி கழியும்போது ஊற்று தெளிந்தது. முதல் குடத்தை மகாராணி பிடித்துக் குடித்துவிட்டுத் தலையாட்டியபோது, சோலைமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு டேங்கில் டீசல் ஊற்றும்போதெல்லாம் கீழே ஒரு சொட்டு சிந்தியதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். கொடைக்கானலில் பேட்டரிக் கடை வைத்திருந்த யோகராஜ், காட்டேஜ்களுக்கு சோலார் லைட் மாட்டிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு அவனிடம் போனார்.

"ஏலே யோகராஜு, இது கல்யாணத்துக்குத் தாங்குமா?"

"வெயிலடிச்சாத் தாங்கும்ணே. மூடுபனின்னா இதுக்குப் பட்டினிதான். நம்ம ஊர்ல வெயிலு அதுபாட்டுக்கு வரும், போகும். பாத்துக்கோங்க."

தெரிந்தேதான் வாங்கினார். பேனலை ஓட்டுக்கு மேல் ஏற்றி, பேட்டரிகளைக் கீழே வரிசையாக அடுக்கி வைத்தார். விஷயம் தெரிந்ததும் மகாராணி வந்தாள். மாசியில் அவள் மகள் சத்தியபிரியாவுக்குக் கல்யாணம்.

"அந்தச் சத்தப் பேயைக் கொண்டாந்துறாதீங்கண்ணே. வெயில் லைட்டு போடுங்க. அய்யர் சொல்லுற மந்திரம் ஒரு தடவையாவது நம்ம காதுல விழட்டும்."

கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் பனி மூடி, எதிர் வீடு தெரியவில்லை. சோலைமுத்து ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்து துணியால் பேனலைத் துடைப்பதும், பனியை வண்டை வண்டையாகத் திட்டுவதுமாக இருந்தார். பேட்டரி பாதிதான் ஏறியது. பந்தலில் பாதி பல்பைக் கழற்றிவிட்டு, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஜெனரேட்டரை ஜீப்பிலேயே வைத்துச் சற்றுத் தள்ளி நிறுத்தினார்.

விடியுமுன் முகூர்த்தம். விளக்குகள் சத்தமில்லாமல் எரிந்தன. அந்த ஊர்க் கல்யாணத்தில் முதல் தடவையாக வளையல் உரசுவது கேட்டது, குழந்தை கொட்டாவி விடுவது கேட்டது, அய்யர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மனம் நிறைந்துபோன சோலைமுத்து, புகை இல்லையென்று முதல் தடவையாகக் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடிவின் காதில் ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம்.

"பொண்ணு கிளி மாதிரி இருக்கா. மாப்பிள்ளைதான் உரிச்ச பூண்டு மாதிரி வெளுத்துப்போயிக் கெடக்காரு!"

அது பந்தல் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு மணப்பெண், பிறகு அய்யர். மகாராணி கண்ணில் நீர் வரச் சிரித்து, "விளங்கிருச்சு, எல்லாத்துக்கும் கேட்டு விளங்கிருச்சு" என்றாள். வடிவு தலை நிமிரவே இல்லை.

தாலி ஏறிய கொஞ்ச நேரத்தில் பல்புகள் ஒவ்வொன்றாக மங்கின. சோலைமுத்து பதறி ஜீப்பைப் பார்த்து ஓடினார். மகாராணி குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"எங்க ஓடுறீங்க? அந்தத் தட்டியை விலக்குங்க. விடிஞ்சிருச்சு பாருங்க."

கிழக்குத் தட்டியை எடுத்தார்கள். பனிக்குள்ளிருந்து வந்த வெளிச்சத்திலேயே பந்தி நடந்தது.

ஜெனரேட்டரை அவர் விற்கவில்லை. அடைமழை மாதங்களில் அது இல்லாமல் முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குச் சரிவைவிட்டுத் தள்ளி, சிமெண்டுத் தரையும் சுற்றிலும் வரம்பும் கட்டிய தனிக் கொட்டகை போட்டார். டீசல் அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் வீட்டுக்கு வரும். கொடைக்கானல் டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, போன காது போனதுதான் என்று சொல்லிவிட்டார். சோலைமுத்து அதற்கும் "சரிங்க" என்று ஆஸ்பத்திரி அதிரச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போதெல்லாம் சோலார் விளக்கு போகிற விசேஷங்களுக்கு வடிவும் கூடப் போகிறாள். நல்ல சேலை உடுத்தி, அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். அங்கே யார் என்ன பேசினார்கள், எந்தச் சம்பந்தி யாரிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டார் என்று ஜீப்பில் திரும்பும்போது ஒன்றுவிடாமல் அவர் காதோடு சொல்லிக்கொண்டு வருகிறாள். அத்தனை தூரத்துப் பாச்சலூரிலிருந்து வருகிற அன்றுகூட அது வீடு வந்து சேர்ந்த பிறகும் முடிவதில்லை.