கினிகத்தேனையில் பாதியில் இறங்கினேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். ஹட்டனிலிருந்து கொழும்பு போகும் பஸ்ஸில், மடியில் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் இருந்துகொண்டே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க போனிலேயே நம்பர் எடுக்கும் ஆப் எங்களுடையது. எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் கடைக்கும் வீட்டு வேலைக்கும்தான் போனார்கள். நான் போகாமலே பிழைக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அது என்னைவிட அதிகம்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் எங்கள் மேனேஜர்.

ஆப்புக்குள் நுழைகிறவருக்கு டோக்கன் என்று ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும். ஆப் ஓடுவது மூன்று கிளஸ்டர்களில், அதாவது மூன்று தனித்தனி சர்வர் கூட்டங்களில். சீட்டு ஒவ்வொரு தடவையும் இவற்றில் ஏதாவது ஒன்றிடம் போகும்; அது செல்லுமா என்று ஒரு சாவியை வைத்துச் சரிபார்க்கும். முதல் நாள் அந்தச் சாவியை மாற்றியது நான். மாற்றிய கையோடு ஆப் நோயாளிகளை வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டது.

மேனேஜர் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க மலையில லைன் விட்டு விட்டுத்தானே வரும்? சாவி பாதிதான் போயிருக்கும். ஒண்ணுலயும் கைவைக்காம நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. இனிமே கொழும்புல தங்கி வேலை செய்யுங்க, இல்லாட்டி வேற இடம் பாருங்க" என்றார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று நானே பயந்துதான் பஸ் ஏறினேன்.

கினிகத்தேனையை நெருங்கும்போது ஆபீசிலிருந்து தோழி கூப்பிட்டாள். "அடியே, ஒரே ஆளு ஒரு தடவை உள்ள போறாராம், அடுத்த தடவை வெளியே தள்ளுதாம். சார் மூணையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடச் சொல்றாரு."

எனக்குச் சுரீரென்றது. ஒரே சீட்டை ஓர் இடம் ஏற்கிறது, இன்னோர் இடம் மறுக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு கிளஸ்டர் மட்டும் பழைய சாவியைப் பார்க்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் எது, ஏன் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பழி என் தலையிலேயே நின்றுவிடும்.

"அண்ணே, எறக்கி விடுங்க!"

"கொழும்புக்குத்தானே தங்கச்சி டிக்கட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்லண்ணே, எறக்குங்க."

ரோட்டோரத்தில் ஒரு சிங்கள அம்மாவின் தேத்தண்ணிக் கடை. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல், கேக் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் பிளக்கை உருவிவிட்டு இடம் கொடுத்தார். அந்த நிமிடம் அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

ஒரே சீட்டை மூன்று கிளஸ்டருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். இரண்டு ஏற்றன. மூன்றாவது மறுத்தது. எத்தனை முறை அனுப்பினாலும் அது மட்டும்தான் மறுத்தது. உள்ளே போய்ப் பார்த்தால், நான் அனுப்பிய புதுச் சாவி அங்கேயும் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது! கொழும்பில் அதை அமைத்தவர்கள் பழைய சாவியின் நகல் ஒன்றை ஓரமாக வைத்து, அதையே பார்க்கும்படி செய்திருந்தார்கள். என்னிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், லைன் கெட்டா ஆள் பாத்தா கெடும்? புதுச் சாவி மூணுக்கும் முழுசாப் போயிருக்கு, மூணாவது மட்டும் பழைய நகலைப் பாக்குது. ஸ்கிரீனைக் காட்டுறேன், நீங்களே பாருங்க."

பார்த்தார். அப்புறம், "சரி, செய்யுங்க" என்றார். நகலைத் தூக்கிவிட்டு அந்தக் கிளஸ்டரைப் புதுச் சாவியோடு ஓடவிட்டேன். "எல்லாரும் உள்ள போறாங்கடி!" என்று தோழி கத்தியது கடைக்கார அம்மாவுக்கே கேட்டிருக்கும்.

"வந்ததுதான் வந்தீங்க, ஆபீசுக்கு வாங்களேன், பேசுவோம்" என்றார் மேனேஜர்.

"பேச என்ன சார் இருக்கு? நான் வீட்டுக்குப் போறேன். நாளைக்கும் அங்க இருந்துதான் வேலை செய்வேன்."

அவர் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். நான் ரோட்டைக் கடந்து ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தேன்.

என் வேலையில் பிழை வரத்தான் செய்யும், நானும் பிழை விடுவேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே "தப்பு உங்க பக்கம்தான்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை. எங்கே என்று காட்டச் சொல்கிறேன், காட்டும்வரை என் இடத்தைவிட்டு நகரவும் மாட்டேன்.