எலிமென் சுருக்கிய ஜெபம்

எலிமென் மலை ஏற மாட்டாள் என்பது எங்கள் கூட்டுரோட்டில் எல்லோருக்கும் தெரியும். லாரி வரும் பாதை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. காலையில் கருவாடு போட்ட ஸ்பகெட்டி, மதியம் சோறும் பீன்ஸும். மோட்டார் சைக்கிள் ஓட்டிகள், கரி மூட்டை இறக்குகிறவர்கள், என்னைப் போலக் கோவேறு கழுதை வைத்துச் சுமை ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் சாப்பாட்டு இடம். மலைமேல் ஃபோன் ஸபோகா என்கிற ஊரில் யாராவது இறந்துபோனால் துக்க வீட்டுக்குக் காப்பிப் பொடி கொடுத்தனுப்புவாள். தான் போக மாட்டாள். "அந்த மலைய நான் கீழேர்ந்து நல்லாப் பாத்துட்டேன்" என்பாள்.

இளம் வயதில் படகேறிப் பக்கத்துத் தீவு நாட்டின் நசா நகரத்துக்குப் பிழைக்கப் போனவள் அவள். அங்கே ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. பல வருஷம் கழித்து, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளைக் காகிதம் இல்லையென்று பிடித்து, மாற்றுத்துணி எடுக்கக்கூட விடாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உடுத்தியிருந்த யூனிஃபார்மோடும் வாயிலிருந்த இங்கிலீஷோடும் வந்து இறங்கினாள். யூனிஃபார்மைக் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டாள். இங்கிலீஷை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

அதை மோப்பம் பிடித்தவர் பாஸ்டர் தொர்விலூஸ். ஒவ்வொரு கோடையிலும் வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து ஒரு மிஷன் கூட்டம் வரும். மேலே இருக்கும் சிற்றாலயத்துக்கு நடந்து போய், ஆராதனை நடத்தி, மருந்தும் மூக்குக்கண்ணாடியும் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். வழக்கமாக மொழிபெயர்க்கிறவன் அந்த வருஷம் வேலை தேடிச் சிலி நாட்டுக்குப் போய்விட்டான். பாஸ்டர் நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் அப்போது ஸ்பகெட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"சிஸ்டர் எலிமென், கர்த்தர் உங்களுக்கு ஒரு பாஷையக் குடுத்திருக்கார்."

"கர்த்தர் குடுக்கல, பாஸ்டர். ஹோட்டல் மேனேஜர் திட்டுனதக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டது."

"ஊழியத்துக்குக் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லலாமா?"

"ஊழியத்துக்கு வரேன். மலைக்குத்தான் வரமாட்டேன். அந்தப் பக்கத்துச் சரிவு வழியா மோட்டார் சைக்கிள் போகுதில்ல, அதுல ஏத்தி அனுப்புங்க."

"அவங்களுக்கு நடக்கணும்னு ஆசை. நம்ம ஜனங்க எப்படி வாழறாங்கன்னு அனுபவிச்சுப் பாக்கணுமாம்."

"நம்ம ஜனங்கள்ல எவன் ஆசப்பட்டு நடக்கறான்? இதோ, ஃப்ரெஸ்னேலக் கேளுங்க. ஏம்ப்பா, நீ ஆசப்பட்டா நடக்கற?"

வாயில் ஸ்பகெட்டி இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று இருவருமே கவனிக்கவில்லை. சபையில் எல்லோருக்கும் முன்னால் பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவள் எங்கே மறுப்பது. பாஸ்டர் மட்டும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று முந்தின நாளே மோட்டார் சைக்கிளில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எலிமென் பாத்திரத்தையெல்லாம் ஓங்கி ஓங்கி வைத்தாள்.

கிளம்பின அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. வந்தவர்கள் ஒரு வேன் கொள்ளுமளவு பேர். தலைவர் ராண்டல் என்ற உயரமான மனிதர், தலை நரைத்தவர். அவருக்கு எதைப் பார்த்தாலும் பெயர் தெரிய வேண்டும்.

"இந்த மரத்துக்கு என்ன பேர்னு கேக்கறார்" என்று எலிமென் என்னிடம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியாது. எங்கப்பா அதுல கழுதயக் கட்டுவாரு."

அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் மகிழ்ச்சியாகத் தலையசைத்தார்.

"என்ன சொன்ன?"

"மாமரம்னேன்."

"அது மாமரம் இல்லயே."

"அவரு என்ன பழமா பறிக்கப் போறாரு? நடக்க விடு."

அன்று எங்கள் மலையில் மாமரங்கள் நிறைய முளைத்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் நின்று படம் எடுத்தார்கள். நிற்பது கூட எலிமெனுக்குச் சிரமமில்லை. நின்ற பிறகு மறுபடி முழங்காலை மடக்கி ஏறுவதுதான் சிரமம். பைகளைச் சுமந்த என் கழுதையில் அவளை ஏறச் சொன்னேன். அது கடிக்கும் என்றாள். கடிக்காது என்றேன். "உன்னக் கடிக்காது. நீ அதோட சொந்தக்காரன்" என்றாள்.

பாதி மலையில் பாதை ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அங்கே போய்க்கொண்டிருந்தபோது மேலிருந்து ஆண்களின் குரல் கேட்டது. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூடவே பாடிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்டாலே எங்களுக்குத் தெரியும், நோயாளி ஒருவரைத் தூக்கி வருகிறார்கள் என்று.

ஒரு கதவைக் கழற்றி, இரண்டு கம்புகளில் கட்டி, அதன்மேல் விஸ்லானைப் படுக்க வைத்திருந்தார்கள். ஃபோன் ஸபோகாக்காரி. புருஷன் எல்லை தாண்டி தொமினிக்கன் பக்கம் கட்டட வேலையில் இருந்தான். நிறைமாதம், தலைப்பிரசவம். முகமும் கையும் காலும் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. பக்கத்தில் அவள் மாமியார் மதாம் சாந்திலூஸ், பையைத் தலையில் வைத்துக்கொண்டு.

"ராத்திரியிலேர்ந்து வலி" என்றாள் மாமியார். "தல வெடிக்குதுங்கறா. கண்ணு இருட்டுதாம். மோட்டார் சைக்கிள்ல உக்கார முடியல. வழி விடுங்க."

எலிமென் இதை இங்கிலீஷில் சொன்னாள். சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. ராண்டலின் முகம் மாறிவிட்டது. ஜெபிக்கலாமா என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் அவருடைய ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வட்டம் கட்டிவிட்டார்கள். அந்தப் பாதையில் வட்டம் கட்டினால் கோழிக்குஞ்சுகூடக் கடந்து போக முடியாது. கதவைத் தூக்கியவர்கள் தோள் நடுங்க நின்றார்கள். ராண்டல் கண்ணை மூடி, பரலோகப் பிதாவை அழைத்து, வானத்தையும் பூமியையும் படைத்ததிலிருந்து ஆரம்பித்தார்.

எலிமெனை எல்லோரும் பார்த்தோம். அவள் விஸ்லானைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆலயத்தில் பேசுகிற குரலில் எங்கள் மொழியில் சொன்னாள்:

"கர்த்தாவே, இவங்களக் கீழ கொண்டு போய்ச் சேரும். ஆமென். தூக்குங்கப்பா."

"ஆமென்" என்று தூக்கியவர்கள் ஓங்கிச் சொல்லிவிட்டு ஒரே எட்டில் முன்னே வந்தார்கள். வட்டம் தானாக உடைந்தது. வந்தவர்கள் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார்கள். ராண்டல் கண்ணைத் திறந்தபோது கதவு அவரைத் தாண்டிப் போயிருந்தது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் மார்னி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். குள்ளமான, வெயிலில் சிவந்துபோன பெண். அவள் ஜெபத்தில் கண்ணை மூடவே இல்லை. கதவோடு ஓடி விஸ்லானின் காலை அமுக்கிப் பார்த்தாள். பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்தாள். மாமியார் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"யார் இவ? எதுக்குத் தொடறா?"

"நர்ஸும்மா. பிரஷர் பாக்கணுமாம்."

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில பாத்துக்கலாம்."

"ஆஸ்பத்திரியில இருக்கறவ என்ன இவளவிட அழகா இருப்பாளா? கைய விடுங்க, மதாம்."

பட்டையைச் சுற்றிப் பார்த்த மார்னி வேகமாகப் பேசினாள். அழுத்தம் பயங்கரமாக ஏறியிருக்கிறது, எந்த நேரமும் வலிப்பு வரலாம், இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், நானும் கூட வருகிறேன். எலிமென் அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். மார்னி இறங்கினால் அவளுக்காகப் பேச ஆள் வேண்டுமே.

"இவ்வளவு தூரம் ஏறினது இறங்கத்தானா?" என்று சொல்லிக்கொண்டே பாவாடையை இடுப்பில் செருகினாள். என் பக்கம் திரும்பி, "இவங்கள மேல கூட்டிட்டுப் போ" என்றாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, எலிமென்."

"உன் கழுதக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு நடக்கல? நீயும் நட."

கீழே நடந்ததை நான் பார்க்கவில்லை. அவளும் தூக்கியவர்களும் சொன்னதுதான். சரிவில் சாராயக்கடை வந்ததும் தூக்கியவர்கள் இளைப்பாற வேண்டும் என்றார்கள். எலிமென், "கதவ வச்சீங்கன்னா இனி என் கடையில ஒருத்தனுக்கும் சோறு கிடையாது" என்றாள். வைக்காமலே நடந்தார்கள். மார்னி ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்திப் பிரஷர் பார்க்க வேண்டும் என்றாள். மாமியார் நிறுத்தவே கூடாது என்றாள். இரண்டு பேரும் எலிமெனிடம்தான் கத்தினார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஷ இருந்திருந்தா நான் வீட்ல தூங்கிட்டு இருந்திருப்பேன்" என்று அவள் இரண்டு மொழியிலும் ஒரு தடவை சொன்னாளாம்.

கூட்டுரோட்டுக்கு வந்தால் மிஷன் வேனைக் காணவில்லை. டிரைவர் பக்கத்து ஊரில் ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தான். அவனைத் தேடி மோட்டார் சைக்கிள் போனது. அதற்குள் விஸ்லானுக்கு நேரம் வந்துவிட்டது. எலிமென் தன் கடையைத் திறந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் போர்வை விரித்தாள். பெண் குழந்தை அந்த மேஜைமேல்தான் பிறந்தது. குழந்தையை மார்னியின் கை பிடித்தது. மாமியாரின் கை கழுவியது. கையில் வேலை இல்லாத எலிமென், "முக்கு, இன்னும் முக்கு, உன்னத் தூக்கிட்டு வந்தவனுங்களுக்கெல்லாம் நாளைக்கு நான் சமைக்கணும், சீக்கிரம்" என்று தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை அழுத கொஞ்ச நேரத்தில் தாய்க்கு வலிப்பு வந்தது. பற்கள் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்து, மேஜை ஆடியது. மார்னி அவளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். எலிமென் அந்தக் கால்களைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வலிப்பு அடங்கும்போது வேன் வந்தது. எலிமென் டிரைவரை என்ன திட்டினாள் என்பதை அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். விஸ்லான் ஒரு வாரம் போல அங்கே கிடந்து பிழைத்துக்கொண்டாள்.

மேலேயும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வந்தவர்கள் இங்கிலீஷில் ஒரு பாட்டுப் பாட, ராகம் தெரிந்திருந்ததால் சபையார் எங்கள் மொழியில் கூடப் பாடினார்கள். மூக்குக்கண்ணாடியை ஆளாளுக்கு மாட்டிப் பார்த்துப் பொருந்தியதை எடுத்துக்கொண்டார்கள். பாஸ்டர் மட்டும், தனக்கு இங்கிலீஷ் வரும் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவர், புன்னகை செய்தே ஆராதனையை முடித்தார்.

மறுநாள் இதைக் கடையில் சொன்னேன். எலிமென் மேஜையை மூன்றாம் தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்னைய ஒருத்தரும் தேடல?"

"இல்ல. நல்லா சந்தோஷமா இருந்தாங்க."

"பின்ன எதுக்கு என் முழங்கால ஒடச்சீங்க?"

நல்லவேளையாகப் பாஸ்டர் வந்தார். விருந்தாளிகளைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனது ஒரு விசுவாசியின் சாட்சிக்கு அழகா என்று ஆரம்பித்தார். "பாஸ்டர், சாப்பிடறதா இருந்தா உக்காருங்க, பிரசங்கம்னா ஞாயித்துக்கிழம" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டார்.

ராண்டலும் ஊர் திரும்புமுன் வந்தார். அவள் ஜெபத்தை முழுதாக மொழிபெயர்க்கவில்லை என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். பேச்சு இங்கிலீஷில் நடந்ததால் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். முழுதாகச் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். ஏன் என்றதற்கு, கதவு கனமாக இருந்தது என்றிருக்கிறாள். அதற்கு அவர், "எனக்குப் பயம் வந்தால் நீளமாக ஜெபிப்பேன்" என்றாராம். அதன்பிறகு அவள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் கப்பைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற சீமைப்பலா மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டதும் அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

சில வாரம் கழித்து மதாம் சாந்திலூஸ் வந்தாள். குழந்தையை ஆலயத்தில் கர்த்தருக்குப் பிரதிஷ்டை செய்ய வேண்டும், ஞானத்தாயாக எலிமென்தான் நிற்க வேண்டும் என்றாள்.

"நர்ஸக் கேளுங்க, மதாம். புடிச்சது அவதான்."

"அவ விமானம் ஏறிட்டா. நீ இங்கதான இருக்க."

"ஆலயம் மேலல்லவா இருக்கு."

"ஆமா. ஆலயத்தக் கழட்டிக் கதவு மாதிரி கீழ தூக்கிட்டு வர முடியுமா?"

பிரதிஷ்டை நாளில் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, கையில் செருப்பு என்று ஏறினாள். பாஸ்டரை, வெயிலை, பாதை போடாத அரசாங்கத்தை, முதன்முதலில் அங்கே போய்க் குடியேறினவனை, எல்லோரையும் திட்டிக்கொண்டே ஏறினாள். ஆலயத்தில் குழந்தையைக் கையில் வாங்கியதும், "அய்யோ, என்ன கனம்" என்றாள். ஆராதனை முடியும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளும் மதாம் சாந்திலூஸும் ஒருவரையொருவர் 'கொம்மே' என்று கூப்பிட்டார்கள்; ஞானத்தாய்க்கும் குழந்தை வீட்டுக்கும் உள்ள உறவுக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது.

வருஷப்பிறப்புக்கு மறுபடி மேலே வரச் சொல்லி விஸ்லான் வீட்டார் அழைத்தார்கள். முடியவே முடியாது, வேண்டுமானால் நீங்கள் இறங்கி வாருங்கள் என்று சொல்லியனுப்பினாள். வந்தார்கள். அன்று காலை கடையில், வருஷப்பிறப்பன்று எங்கள் எல்லோர் வீட்டிலும் வைக்கிற பூசணிச் சூப் கொதித்தது. விஸ்லான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதாம் சாந்திலூஸ் முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றாள்.

"சட்டி அங்க இருக்கு, கொம்மே" என்றாள் எலிமென். "எழுந்து போட்டுக்கங்க. இனி நீங்க இங்க விருந்தாளி இல்ல."