நெஞ்செரிச்சல் மருந்தும் நான் நம்பாத வார்த்தையும்

சபையார் எல்லோருக்கும் என் தோத்திரம். இந்தச் சாட்சியைச் சொல்லச் சொல்லிப் பாஸ்டர் ஐயா என்னிடம் பல முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சாட்சி என்றால் சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். என்னிடம் இருப்பது பாதி நன்றி, பாதி அழுகை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், அது உண்மை. என் மகளை நான் என் கையாலேயே புதைத்தேன், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறேன். என் மனைவி செல்வராணி கொழுந்து பறிக்கிறவள். கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. போன வருஷம் ஏப்ரலில், புது வருஷ லீவு முடிந்து மறுபடி காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகத் தொடங்கிய கிழமைதான், ராணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அன்று ஸ்டோரில் என்ன வேலை செய்தேன் என்று எனக்கே நினைவில்லை.

ராணிக்கு நெஞ்செரிச்சல் பழைய நோய். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தேத்தண்ணி, பிறகு மலை, பத்து மணிக்கு மேல்தான் ரொட்டி. இப்படி வாழ்கிற பெண்களில் யாருக்குத்தான் கேஸ்டிரிக் இல்லை? எங்கள் லயத்து வீடுகளில் உப்பு, தேங்காய் எழுதுகிற சாமான் சீட்டிலேயே கேஸ்டிரிக் மாத்திரையையும் எழுதி பஜாருக்கு அனுப்புவோம். அதை மருந்து என்று நாங்கள் நினைப்பதே கிடையாது.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் இரும்புச்சத்து மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் கொடுத்தார். ரத்தம் குறைவாக இருக்கிறது, ஒரு நாளும் விடாமல் குடிக்க வேண்டும் என்றார். அந்த இரும்புச்சத்து மாத்திரை ராணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு எரிந்தது, இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் முதலில் கேஸ்டிரிக் மாத்திரை, அதற்குப் பிறகு எரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்து ஒரு மூடி, அதன் மேல் இரும்பும் கல்சியமும் ஒரே பிடியாக, கடைசியில் ஒரு கோப்பை தேத்தண்ணி. எரிச்சல் அடங்கியது. வாந்தி நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் சோதித்தபோது முன்பைவிடக் குறைந்திருந்தது. மாத்திரை குடிக்கிறாயா என்று மிஸ் கேட்டார். குடிக்கிறேன் என்று ராணி சொன்னாள். வேறு ஏதாவது குடிக்கிறாயா என்று கேட்டதற்கு, இல்லை என்று அவளுக்கு முந்திக்கொண்டு சொன்னது நான். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சில பெண்கள் மாத்திரையைச் சாக்கடைக் காணில் போட்டுவிட்டுக் குடித்ததாகச் சொல்வார்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைச் சந்தேகமாக மாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

அடுத்த நாளிலிருந்து அவள் முன்னால் நின்று விழுங்க வைத்தேன். அடுத்த மாதம் ரத்தம் இன்னும் இறங்கியது. அன்று கிளினிக்கிலிருந்து வந்து லயத்து வாசலில் வைத்தே சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அவள் மாத்திரையைப் போட்டதும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். முப்பது வயதுப் பெண், வயிற்றில் பிள்ளையோடு என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"ஆண்டவர் மேல சத்தியமா நான் முழுங்குறேங்க. இது எனக்குந்தானே புள்ள" என்றாள்.

"அப்பறம் ஒன் ரத்தமெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஜெபத்துக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போடுவோம். இவளுக்குப் பொய் சொல்லாத மனதைக் கொடும் என்று நான் ஜெபித்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, மழை விட்ட காலை நேரத்தில், ராணி மலையிலேயே மயங்கி விழுந்தாள். கூட இருந்த பெண்கள் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அங்கிருந்து நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். எட்டாம் மாதம். வலியும் வந்துவிட்டது, ரத்தமும் போய்க்கொண்டிருந்தது. ஆம்புலன்சில் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை சாம்பலாக வெளுத்துப்போயிருந்தது.

வார்டுக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, ரெண்டு பேரையும் கொடுத்துருங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நர்ஸ் வந்து கூப்பிட்டார். பெண் குழந்தை. அழவே இல்லை என்றார். வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். தலை நிறைய முடி. ராணியின் மூக்கு. உடம்பில் சூடு இன்னும் கொஞ்சம் இருந்தது.

தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஏற்கெனவே உடம்பில் ரத்தம் இல்லாததால் ஆபத்து, ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அதே நர்ஸ் சொன்னார். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவது ஜெபத்தைச் செய்தேன். "அவளயாவது எனக்கு விட்ருங்க." இப்படி ஒரு ஜெபத்தை எந்த அப்பனும் செய்ய வேண்டி வரக் கூடாது.

அந்த ஜெபத்தைத்தான் ஆண்டவர் கேட்டார். யாரோ முகம் தெரியாத மனிதர்கள் கொடுத்திருந்த ரத்தம் பை பையாக அவள் உடம்பில் ஏறியது. சாயங்காலம் ரத்தப்போக்கு நின்றது. ராணி கண் திறந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளே புரிந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு டொக்டர் அம்மா வந்தார். சிங்களவர், கொஞ்சம் தமிழும் பேசினார். கிளினிக் கார்டைப் பார்த்துவிட்டு, இத்தனை மாதம் இரும்புச்சத்து மாத்திரை குடித்தும் ஏன் ஏறவில்லை என்று கேட்டார். அப்போதும் நான், இவள் ஒழுங்காகக் குடித்திருக்க மாட்டாள் என்றேன். பிள்ளையை இழந்து படுத்திருக்கிறவளின் முன்னாலேயே சொன்னேன். டொக்டர் என்னை விட்டுவிட்டு ராணியிடம் கேட்டார், வேறு என்னவெல்லாம் குடித்தாய், கடையில் வாங்கியதையும் சொல் என்று. அவள் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

இரும்பு உடம்பில் சேர வயிற்றிலுள்ள புளிப்பு உதவி செய்கிறதாம். அந்தப் புளிப்பைக் குறைப்பதுதான் கேஸ்டிரிக் மாத்திரையின் வேலை. வெள்ளை மருந்தும் கல்சியமும் தேத்தண்ணியும் இரும்பைச் சரியாகச் சேரவிடாதாம். இது ஒன்று மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் ரத்தம் ஏறாததற்கு இது பெரிய காரணம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா சரியாத்தான் குடிச்சிருக்காங்க. எல்லாம் சேர்த்துக் குடிச்சதுதான் பிழை" என்றார்.

சேர்த்துக் கொடுத்தவன் நான். தினமும் முன்னால் நின்று, வாயைத் திறக்கச் சொல்லி. ராணி என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அதெல்லாம் வராது, ஆனாலும் கேட்டேன். 

"எனக்குக் கோவம் இல்லங்க. அன்னைக்கு நீங்க என்னய நம்பியிருந்தா, பின்ன ஏன் ரத்தம் ஏறலன்னு ரெண்டு பேரும் போய்க் கேட்டிருப்போம்" என்றாள்.

 பிள்ளையைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று பலர் ஆறுதல் சொன்னீர்கள். அன்பாகச் சொன்னீர்கள், தெரியும். ஆனால் என் பிழையை அவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. ராணியை உயிரோடு தந்தவர் அவர். அதற்கு வாழ்நாளெல்லாம் நன்றி சொன்னாலும் போதாது.

இப்போது ராணி இரும்புச்சத்து மாத்திரையைத் தண்ணீரோடு தனியாகக் குடிக்கிறாள். எதை எந்த நேரத்தில் குடிப்பது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது. தைரொய்ட் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரை, இப்படிப் பலவற்றோடும் சில கேஸ்டிரிக் மருந்துகள் முட்டிக்கொள்ளும் என்றும் டொக்டர் சொன்னார். இதைக் கேட்டுவிட்டு யாரும் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள அத்தனை மாத்திரையையும், பஜாரில் வாங்கியதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் டொக்டரிடமோ பாமசியிலோ காட்டிக் கேளுங்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள். நான் சாகக்கிடந்தவளுக்காகக் கூப்பிட்டபோது கேட்டவர், உங்கள் சத்தத்தையும் கேட்பார். அவரை நம்புங்கள்.

இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதை இன்று சொல்ல ஒரு காரணம் உண்டு. ராணி மாத்திரையை வீசிவிட்டாள், அதனால்தான் பிள்ளை போய்விட்டது என்று லயத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு என் வாசலில் என் வாயிலிருந்துதான் தொடங்கியது. அவள் இதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவர் முன்னாலும் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், என் மனைவி ஒரு மாத்திரையைக் கூட வீசவில்லை. எங்கள் மகளுக்காக அத்தனையையும் விழுங்கினாள்.