நாலாவது வீட்டு அன்ரி

வவுனியாவில் கணினி வகுப்பில் இடம் கிடைத்த சந்தோஷத்தில், தங்க ஓர் அறை எடுப்பது பெரிய காரியமா என்று நினைத்துத்தான் மல்லாவியிலிருந்து பஸ் ஏறினேன். சண்டை திரும்பவும் தொடங்கப் போகிறது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. மல்லாவி, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள்; அந்த முகவரி என்றதும் மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். பொலிஸில் பதியாமல் இரவு தங்கினால், ஆமிச் சுற்றிவளைப்பில் என்னைத்தான் முதலில் ட்ரக்கில் ஏற்றுவார்கள்.

நாலாவது வீட்டுப் படலையில், அறை காட்டக் கூட்டிவந்த புரோக்கர் அண்ணை மெதுவாகச் சொன்னார்.

“யாழ்ப்பாணம் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. உண்மை சொல்லிச் சொல்லியே பஸ் ஸ்ராண்டிலதான் படுக்கப் போறீங்கள்.”

வீட்டுக்கார அன்ரி என் ஊரைக் கேட்டதும் புரோக்கர் அண்ணையே முந்திக்கொண்டார். “பிள்ளை யாழ்ப்பாணம்.”

“அப்ப ஐசியைத் தாங்கோ பிள்ளை. பொலிஸில பதியவேணும்.”

அடையாள அட்டையில் இருந்தது மல்லாவி முகவரி. பைக்குள் விட்ட கை வெளியே வர மறுத்தது.

“நான் மல்லாவி, அன்ரி.”

புரோக்கர் அண்ணை தெருவைப் பார்த்தார். அன்ரி உள்ளே போனார். இங்கேயும் முடிந்தது என்று நான் பையைத் தூக்கினேன். அவர் குடையோடு திரும்பி வந்தார்.

“வாங்கோ, பொழுதுபட முதல் பதிஞ்சிட்டு வருவம். அங்க நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. நான் மறுமொழி சொல்லுறன்.”

ஆமிக் காவலரணைக் கடக்கும்போது அன்ரி என் கையைப் பிடித்தார். அந்தக் கை என்னுடையதைவிட மோசமாக நடுங்கியது. வீடு வைத்திருப்பவர்களுக்கு என்ன பயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வன்னிப் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் அவரையும் விசாரிப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்ரி பயந்துகொண்டேதான் எனக்கு இடம் தந்தார்.