கூலர் காற்று

இன்று கூலரின் பக்கத் தட்டிகளில் புதுப் புல் அடைத்துத் தண்ணீர் ஊற்றியதும் ஈர வாசனை எழுந்தது. லக்ஷ்மிபாய் நகரில் பெரியப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டில் நாங்கள் ஒண்டியிருந்த நாட்களின் வாசனை அது.

ஞாயிறு மதியம் பெரியப்பா ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு பிள்ளைகளிடம் பொது அறிவுக் கேள்வி கேட்பார். பதில் சொன்ன பிள்ளை கூலர் முன்னால் உட்காரலாம். சொல்லாத பிள்ளை அனல் அடிக்கும் வாசற்படிக்குப் போக வேண்டும். நான் எப்போதும் வாசற்படிதான். பதில் தெரியும், அவர் முகத்தைப் பார்த்தால் வாய் திறக்காது.

ஐந்தாவது முடித்த கோடையில், “ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? ஜல்தி சொல்லுடா!” என்றார். மூன்று என்று பள்ளியில் கேட்டிருந்தேன். ஆனாலும் எழுந்து வாசற்படிக்குப் போனேன்.

“இந்த மண்ணாங்கட்டிக்குப் படிப்பு எதுக்கு? ஏதாவது கடையில விடுடா” என்றார் அப்பாவிடம். அவர் தயவில் இருந்த அப்பா தலையாட்டினார். அந்த வாரமே டீக்கடையில் கிளாஸ் கழுவத் தொடங்கினேன்.

இன்று அதே பெரியப்பா என் வீட்டுக்கு வந்து, நேராகக் கூலர் முன்னால் உட்கார்ந்து, என் மகளைக் கூப்பிட்டார்.

“ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் சொல்லு. அச்சா! இதுவும் அப்பனை மாதிரி ஊமைதானா?”

மகள் தலைகுனிந்தாள்.

“மூணு, பெரியப்பா. எனக்கு அப்பவே தெரியும்” என்றேன்.

சக்கரம் வைத்த கூலர்தான். அதை மகள் பக்கம் திருப்பினேன். பெரியப்பா துண்டால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் கிளம்பும்வரை நான் கூலரைத் திரும்பத் தொடவில்லை.