ரப்பர் இல்லாத பத்து நிமிடம்

"போடு, போடு. ரப்பரையும் போடு. சட்டைக் கைக்குள்ள ஒண்ணு வெச்சிருக்கியே, அதையும்தான்."

கணக்கு ஆசிரியை லொரேன் பெல்ட்டியே கரும்பலகை ஓரத்து உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடியே சொல்கிறார். பழைய காபி டப்பா ஒன்று கைமாறிக் கைமாறி வகுப்பைச் சுற்றி வருகிறது. இருபத்தெட்டுப் பென்சில்கள் உள்ளே போகின்றன. பதிலுக்கு ஆளுக்கொரு நீலப் பேனா வெளியே வருகிறது.

"கணக்குக்குப் பேனாவா? தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போகட்டும்னுதானே குடுக்கறேன்."

ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் ஒரே ஒரு வரி: 8 + 4 = □ + 5. நேரம் பத்து நிமிடம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஆலை ஊர் ஒன்றில், பதினான்காம் எண் அறையில், ஜூன் முதல் வாரம் தவறாமல் நடக்கும் காரியம் இது. ஏழாம் வகுப்பு முடிக்கிறவர்களில் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் எடுக்கப்போவது யார் என்ற பட்டியலை அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்குள் அவர் கொடுத்தாக வேண்டும்.

வயது அறுபத்தொன்று. இது முப்பத்துநான்காவது ஜூன். வலது முழங்கால் சரியில்லாததால் முக்காலியை விட்டு யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை. மாவட்டக் கல்வி அதிகாரி வந்தபோதும் உட்கார்ந்தபடியேதான் கை கொடுத்தார். பதினொன்று நாற்பதுக்குக் குடுவையைத் திறந்து பட்டாணி சூப் குடிப்பார். குடிக்கும்போது விடைத்தாள் திருத்துவார். எந்த ஆண்டின் சீட்டைக் கேட்டாலும் எந்த இழுப்பறை என்று பார்க்காமலே சொல்வார்.

பேனா வந்த கதைக்கு ஒரு பையன் காரணம். இந்தப் பள்ளியில் கணினித் தேர்வில் எழுபத்தைந்து வாங்கினால் இயற்கணிதம். ஆண்டுதோறும் அதற்குக் கீழே இருப்பவர்களில் ஒரே ஒருவரை ஆசிரியர் தன் கையெழுத்தில் சேர்க்கலாம். 2011இல் நேட் வெலெட் என்ற பையனுக்கு லொரேன் கையெழுத்துப் போட்டார். சீட்டில் அவன் விடை சரி, எழுத்தும் முத்து முத்தாக. நவம்பரில் அவன் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தினான். பிப்ரவரியில், "எனக்குக் கணக்கு வராது மிசஸ் பெல்ட்டியே, விட்டுடுங்க" என்றான். பிறகு அவர் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விடைக்குக் கீழே ரப்பர் தேய்த்த தடம் இருந்தது. என்ன எழுதி அழித்தான் என்று மட்டும் தெரியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து பேனாதான். அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு வேறு யாருக்கும் அவர் போடவில்லை.

இந்த ஆண்டு நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. அறுபத்தொரு பேர் பெட்டியில் 12 போட்டிருந்தார்கள். சமக்குறியைக் கண்டதும் 'இதோ விடை' என்று பேனா ஓடிவிடுகிறது. பின்னால் 5 நிற்பது கண்ணில் படுவதில்லை. பத்தொன்பது பேர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டி 17 போட்டார்கள். முப்பத்திரண்டு பேர் 7. கணினித் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கியவனும் 12தான். மதிப்பெண் அவனைச் சேர்த்துவிட்டது. செப்டம்பரில் முதல் வாரம் அவனோடு உட்கார வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

எழுபத்தொன்பதாவது சீட்டு ஹோடன் வார்ஸமேயுடையது. கணினித் தேர்வில் எழுபத்தொன்று. சீட்டில் 12 என்று எழுதி அடித்திருந்தாள். 17 என்று எழுதி அதையும் அடித்திருந்தாள். சமக்குறியின் நடுவிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இழுத்து, பிறகு 7. அதற்குக் கீழே யாரும் கேட்காத ஒரு வரி: 'எட்டு இருக்கும் இடத்தில் எது வந்தாலும், பெட்டியில் அதைவிட ஒன்று குறைவு.'

லொரேன் சூப் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த வரியை மூன்று முறை படித்தார். எட்டை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அது இருந்த காலி இடத்தைப் பார்த்திருக்கிறாள் பிள்ளை. சூப் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தலைமையாசிரியர் டக் பிரூஸ்டர் லொரேனின் அறைக்கு வந்தார். பட்டியலில் இருபத்தைந்து பெயர்கள். இருபத்தாறாவது வரி காலி. அதன் எதிரே ஆசிரியர் கையெழுத்துக்கான கோடு. பக்கத்தில் ஹோடனின் சீட்டு.

"ஒரு வரியை நம்பியா லொரேன்?"

"ஒரு வரிதான் டக். முப்பத்துநாலு வருஷத்துல இந்த மாதிரி எழுதினது நாலே பேர்."

"நேட் வெலெட்டுக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

"இல்ல. அவன் நல்லாப் படிப்பான்னுதான் சொன்னேன். அது வேற."

"எழுபத்தொண்ணு, லொரேன். நவம்பர்ல இந்தப் பொண்ணும் வாயை மூடிக்கிட்டா?"

லொரேன் பேனாவைக் கையில் எடுத்தார். சேர்க்காமல் விட்டால் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுண்கணிதம் தொட அவளுக்கு வழியில்லை. தவறாகச் சேர்த்துவிட்டால் கணக்கையே விட்டு ஓடிவிடுவாள். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு, பேருந்து வரிசையில் நின்றிருந்த ஹோடனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் முதுகுப் பையோடு வந்து நின்றாள். "நான் ஏதாவது பண்ணிட்டேனா மிஸ்?"

"பண்ணியிருக்கே. எட்டுக்குப் பதிலா பூஜ்யம் வெச்சா?"

"மைனஸ் ஒண்ணு."

"அரை?"

"மைனஸ் அரை. நான் போட்டுப் பாத்தேன் மிஸ். எல்லாத்துக்கும் சரியா வருது. ஒரே ஒரு தொந்தரவு."

"என்ன?"

"ஒவ்வொரு தடவையும் 'எது வந்தாலும்'னு எழுதினா கை வலிக்குது. வகுப்புல எக்ஸ் போடுவோமே, அது எங்கயோ ஒளிஞ்சிருக்கற ஒரே எண்ணு. நாம தேடிப் பிடிக்கணும். இது ஒளியவே இல்லையே மிஸ். எல்லா எண்ணும் ஒண்ணா அங்க நிக்குது. அதுக்கும் எக்ஸ்னு பேரு வெக்கலாமா? எக்ஸ் கோவிச்சுக்காதா?"

பிரூஸ்டர் சிரித்துவிட்டு லொரேனைத் திரும்பிப் பார்த்தார். லொரேன் சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலையும் ஊன்றி, முக்காலியை விட்டு இறங்கி எழுந்து நின்றார். நின்றபடியே இருபத்தாறாவது வரியில் கையெழுத்துப் போட்டார்.