பனியில் காலை அகட்டி நடந்த நாள்

நனைந்த ஜீன்ஸ் குளிரில் விறைத்துப்போனால் எப்படி இருக்கும் தெரியுமா? முழங்காலுக்குக் கீழே அட்டையைச் சுற்றிக் கட்டின மாதிரி... நடக்க நடக்க சரக் சரக்கென்று சத்தம் வேறு.

மெல்பர்ன் வந்து எனக்கு அதுதான் முதல் குளிர்காலம். நாலு குடும்பம் சேர்ந்து லேக் மவுண்டன் என்ற பனிமலைக்குப் போயிருந்தோம். நம்ம ஆட்கள் ஸ்னோ பார்க்கிற முறைதான் உங்களுக்குத் தெரியுமே! கார் பார்க்கில் இறங்கு, ஆளுக்கொரு உருண்டை பிடித்து எறி, போட்டோ எடு, டிக்கியைத் திறந்து பிரியாணி சாப்பிடு, கிளம்பு.

அந்தக் கூட்டத்தில் ஸ்னோஷூ வாடகைக்கு எடுக்கப் போனது இரண்டே பேர். ஒன்று, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து வாணி. அவளுக்கு முன்பே பழக்கம். இன்னொன்று நான்.

"உனக்கெதுக்கு இந்த வேலை? பத்து நிமிஷத்துல திரும்பி வந்துடுவ பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னையில் ஸ்கூட்டி ஓட்டி வேலைக்குப் போனவள் நான். இங்கே விசாவில் 'டிபென்டன்ட்'. பேங்க், டாக்டர், காய்கறி வாங்க ஸ்பிரிங்வேல் மார்க்கெட்... எங்கே போனாலும் அவர் கூட வர வேண்டும். யார் கையையும் பிடிக்காமல் ஒரே ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும் என்று வெறி. மலை உச்சியைத் தொடாமல் திரும்புவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஸ்னோஷூ என்பது பூட்ஸுக்கு அடியில் வாரால் இறுக்கிக் கட்டுகிற அகலமான பிளாஸ்டிக் தட்டு. அடியில் இரும்புப் பல் இருக்கும். கால் பனியில் புதையாது. ஆனால் நான் புதைந்தேன்! இரண்டாவது எட்டிலேயே குப்புற விழுந்தேன். எழுந்தேன். மறுபடியும் தொபுக்கடீர். கார் பார்க்கிலிருந்து விசில் சத்தம்.

வாணி திரும்பி வந்து என் காலைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட காலை நீங்களே மிதிக்கிறீங்கள். அகட்டி வையுங்கோ!"

"அகட்டித்தானே வைக்கிறேன்?"

"எங்க அகட்டினீங்கள்? சீலை கட்டின மாதிரியெல்லோ நடக்கிறீங்கள்!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். வயசுக்கு வந்த நாளிலிருந்து 'பொம்பளப் பிள்ளையா லட்சணமா காலை ஒடுக்கி நட' என்று கேட்டுக் கேட்டு, என் கால் தானாகவே ஒட்டிக்கொண்டு போகும். பனியிலும் அதே நடை! ஒரு ஷூவை இன்னொரு ஷூ மிதித்தால் விழாமல் என்ன செய்வது? கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அகட்டினேன். சண்டைக்குப் போகிற பயில்வான் மாதிரி தோளை ஆட்டிக்கொண்டு நடந்தேன். பத்து எட்டு... இருபது எட்டு... விழவே இல்லை! என் அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. மூக்கு ஒழுகியது. தொடை இரண்டும் நடுங்கின.

"திரும்புவமோ அக்கா?"

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப வாங்கோ!"

கடைசி மேட்டில் வாணி கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நானே ஏறினேன்.

உச்சி! கீழே மலை மலையாக நீலம். வாய்விட்டுக் கத்தினேன்... என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கூடவே அழுகையும் வந்தது. அப்போது வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கம்மா? எங்கயாவது விழுந்து கிடக்கியா?"

"உச்சியில நிக்கிறேன். நீங்க சாப்பிடுங்க, நான் மெதுவா வர்றேன்."

"நிஜமாவா?" என்றார் மெல்ல.

இப்போது சொந்த ஸ்னோஷூ இருக்கிறது. மலைப்பாதையில் காரை நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்து சீட்டில் தூங்குகிறார். எந்த உச்சிக்குப் போனாலும் ரெண்டு போட்டோ எடுத்துவிட்டுச் சாதாரணமாக இறங்கிவிடுகிறேன். அன்றைக்குக் கத்தின மாதிரி கத்த வரவே மாட்டேனென்கிறது.

போகட்டும். அன்றைக்கு அங்கே நின்று கத்தினவள் நான்தானே!